நல்லதுக்குப் பெரிசு, மற்றதுக்குச் சின்னன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மனிதருக்குப் பிரஷரை ஏற்றப் பல வழிகள் இருக்கின்றன. கரண்ட் நிற்கலாம். வெங்காய விலை விழலாம். வெளிநாட்டிலிருந்து பெரியம்மா வந்து ஒரு மாதம் தங்கலாம். இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, இரண்டு தோளிலும் இரண்டு கமராவைக் கொழுவிவிட்டால் அதுதான் 'ரெண்டு கமரா'. அவரைப் போலப் பயந்த மனிதரையும் நான் கண்டதில்லை, அவரைப் போல மற்றவர்களைப் பயப்படுத்திய மனிதரையும் கண்டதில்லை.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். எனக்குத் தெரியாது. என் போனிலும் 'ரெண்டு கமரா' என்றுதான் போட்டு வைத்திருக்கிறேன். கடற்கரைக் குருநகர்க்காரர், கத்தோலிக்கர். ஆள் உயரத்தில் சரியான கட்டை. கல்யாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் படம் எடுப்பார். வலது தோளில் பெரிய கமரா, இடது தோளில் சின்னக் கமரா. பெரியதன் பாரத்தால் வலது பக்கம் சரிந்தே நடப்பார். வீதியில் எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரியாமல் நிற்பார்.

நான் உரும்பிராயில் தோட்டக்காரருக்குப் பசளை, விதை, மருந்து விற்கிற கடை வைத்திருக்கிறேன். பசளைக் கடைப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நல்ல நீளம். ஒருவரைக் காலை முதல் மாலை வரை ஏசச் சொன்னாலும் தண்ணீர் குடிக்காமல் ஏசுவேன். அப்படிப்பட்ட நானே அந்த மனிதரால் ஒரு வருடம் நித்திரை கெட்டுத் திரிந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏன் இரண்டு கமரா என்று கேட்பீர்கள். முதலில் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. குருநகரில் அது போதும். அங்கே ஆள் இறந்தால் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். அடுத்த நாள் அதே கமராவோடு ஞானஸ்நானத்துக்குப் போனால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இவர் அந்த நினைப்பிலேயே எங்கள் பக்கம் தொழிலுக்கு வந்துவிட்டார்.

உரும்பிராயில் ஒரு சாமத்திய வீடு. வயதுக்கு வந்த பிள்ளையை அலங்கரித்து இருத்தியிருக்கிறார்கள். இவர் கமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்ததும் பிள்ளையின் மாமி கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, கொஞ்சம் நில்லும். போன கிழமை எங்கடை சித்தப்பான்ரை செத்த வீட்டுக்கும் நீர்தானே வந்தனீர்?"

"ஓம் அம்மா."

"உந்தக் கமராவோடையோ?"

"ஓம் அம்மா. என்னட்டைக் கிடக்கிறது இது ஒண்டுதானே."

மாமி சத்தம் போடவில்லை. உள்ளே போய் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் கொண்டுவந்தார். இவருடைய தலையில் தெளித்தார். அதோடு விட்டிருக்கலாம். செத்த வீட்டுத் துடக்கு தலையில் இல்லை, கமராவில்தான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். செம்பை அப்படியே கமராவின் மேல் கவிழ்த்தார். கமரா இரண்டு தரம் 'கிர் கிர்' என்றது. பிறகு அது வாய் திறக்கவே இல்லை. அந்தப் பிள்ளையின் சாமத்திய வீட்டுப் படங்கள் எல்லாம் யாரோ ஒரு பெடியனின் போனில் எடுத்தவை.

நானாக இருந்தால் செம்பைப் பறித்து மாமியின் தலையில் கவிழ்த்திருப்பேன். இவரோ கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு, "சனத்திலை பிழையில்லை. பயம் எண்டால் பயம்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் இரண்டு கமராவோடு திரும்பி வந்தார். பெரியதைச் சுவிஸிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்தார். சின்னதைக் கொழும்பில் யாரோ பாவித்ததை வாங்கினார். இரண்டுக்கும் வேறு வேறு மொடல், வேறு வேறு எடை. கையில் எடுத்தாலே எது எது என்று தெரிய வேண்டுமாம். கண் பிழைத்தாலும் கை பிழைக்கக் கூடாதாம். பெரியது கல்யாணம், சாமத்தியம், பிறந்தநாள். அதாவது நல்லதுக்கு. சின்னது செத்த வீடு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அந்தச் சொற்களை அவர் வாயால் சொல்லவே மாட்டார். 'மற்றது' என்பார்.

"நான் வேதக்காரன், பிள்ளை. எனக்கு உதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை. சனத்துக்காகத்தான்" என்று ஒவ்வொரு தரமும் சேர்த்துக்கொள்வார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் கடைக்கு வந்து மேசையில் இரண்டையும் வைத்தார். வெங்காயத்துக்கு மருந்து வாங்க வந்த தோட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். இவர் என்னிடம், "பிள்ளை, உந்தத் தராசை ஒருக்கா இஞ்சாலை தாரும்" என்றார்.

"அண்ணை, உது விதை நிறுக்கிற தராசு."

"ஒருக்காப் பாருமன்."

பெரியதை ஒரு தட்டில் வைத்தார். தட்டு 'டங்' என்று மேசையில் இடித்தது. சின்னதை மற்றத் தட்டில் வைத்தார். தட்டு ஆகாயத்திலேயே நின்றது. அதற்கு மேல் பயிற்றை விதைப் பைக்கட்டுகளைக் கையால் அள்ளி அடுக்கினார். பிறகுதான் இரண்டும் சமமாயின.

"பாத்தீரே? பெரிசு கையிலை கிடந்தால் கல்லுமாதிரி. ஆனால் பிடி நல்ல தடிப்பு. அஞ்சு விரலும் அடங்கும். விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் வைச்சிருந்தாலும் வழுக்காது. சுத்துற சில்லு ரெண்டு கிடக்கு. ஒண்டு வெளிச்சத்துக்கு, ஒண்டு வேகத்துக்கு. கண்ணை எடுக்காமல் விரலாலையே எல்லாம் மாத்தலாம். சின்னனிலை சில்லு ஒண்டுதான். மிச்சத்துக்கு உள்ளை போய்த் தேடோணும். பிடியும் காணாது. சின்ன விரல் வெளியிலை தொங்கும்."

"அப்ப சின்னனைத் தூக்கி எறியுங்கோவன்" என்றேன்.

அவருடைய முகம் சுருங்கிவிட்டது. "எறியிறதோ? என்ன பிள்ளை கதைக்கிறீர்? இஞ்சை பாரும்." சின்னதன் முதுகில் இருந்த திரையைப் பிடித்துத் திறந்தார். அது ஒரு ஜன்னல் கதவு போல வெளியே வந்தது. மேலே, கீழே, எங்கே வேண்டுமென்றாலும் திரும்பியது. "இதை வயித்தோடை வைச்சுக்கொண்டு குனிஞ்சு பாத்து எடுக்கலாம். தலைக்கு மேலை ஒரு கையாலை தூக்கிப் பிடிச்சு அண்ணாந்து பாத்தும் எடுக்கலாம். பெரிசிலை ஏலாது. அதிலை திரை அசையாது, கண்ணை வைச்சுத்தான் பாக்கோணும். அழுதுகொண்டிருக்கிற மனிசருக்கு முன்னாலை போய்க் கண்ணிலை கமராவைக் குத்திக்கொண்டு நிண்டால் அது மரியாதையோ? சத்தத்தைக் கேளும்."

பெரியதை அழுத்தினார். 'டக்' என்று கோடரியால் கொத்தியது போலக் கேட்டது. சின்னதை அழுத்தினார். பல்லி சொன்னது போல ஒரு சத்தம்.

"கலியாண வீட்டுக்குப் பெரிசின்ரை சத்தம் வேணும். அதைக் கேட்டால்தான் மாப்பிள்ளை வயித்தை உள்ளை இழுப்பார். மற்றதுக்குச் சத்தம் கூடாது. சின்னனிலை ஒரு குறைதான். திரையைப் பாத்து எடுத்தால் தெளிவு பிடிக்க யோசிச்சு யோசிச்சுத்தான் வரும். அதாலை என்ன? மற்றதுக்குப் போனால் அங்கை படுத்திருக்கிறவர் எழும்பி ஓடப்போறாரே?"

மருந்துக்கு நின்ற தோட்டக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, நீர் உதை நிறுத்து முடியிறதுக்கிடையிலை என்ரை வெங்காயத்தைப் படமெடுக்க அந்தச் சின்னனைத்தான் கொண்டுவர வேண்டி வரும்" என்றார். இவர் சிரிக்கவில்லை. அந்தக் கதையையே கேளாதவர் போலப் பயிற்றை விதைப் பைக்கட்டுகளைத் திருப்பி அடுக்கினார். தொழிலில் அவருக்குப் பகிடி கிடையாது.

காங்கேசன்துறையில் நடந்ததைக் கேளுங்கள். பழைய சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவுக்குத் தொண்ணூறாவது பிறந்தநாள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார்கள். கேக் வெட்ட ஆயத்தம். படம் எடுக்கிறவரைக் காணவில்லை. பார்த்தால் வெளியே கேற்றடியில் நிற்கிறார். மூத்த மகன் போய், "ஏன் அண்ணை உள்ளை வராமல் நிக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறார்.

"தம்பி, குறை நினையாதையும். ஐயா ஆள் எப்பிடி? உசாரோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"இல்லை, எதைக் கொண்டுவாறது எண்டு யோசிக்கிறன்."

மகனுக்கு விளங்குவதற்கு முன்னமே, விறாந்தையில் இருந்த ஐயாவுக்கு விளங்கிவிட்டது. காது நல்ல காது. உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "தம்பி, ரெண்டையும் கொண்டுவாரும்! ரெண்டாலையும் எடுத்து வைச்சிரும்! பிறகு ஒருக்கா வந்து மினைக்கெடத் தேவையில்லை!"

வீடே சிரித்தது. இவர் மட்டும் வியர்த்துப்போய்ப் பெரியதை மட்டும் கொண்டு உள்ளே போனார். அந்த ஐயா இன்னமும் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் இவரைத்தான் கூப்பிடுகிறாராம். பயப்படுத்திப் பார்க்க.

இந்த மனிதரை நான் என் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் பிடித்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வருடம் எங்கள் அப்பா காலமானபோது இவர்தான் வந்தார். முற்றம் கொள்ளாத சனம். கட்டை மனிதர், ஒருவரையும் தள்ளாமல், ஒரு கையால் அந்தச் சின்னக் கமராவைத் தலைகளுக்கு மேலே தூக்கி, திரையைக் கீழே மடக்கி அண்ணாந்து பார்த்துப் பார்த்து எடுத்தார். படங்கள் வந்த பிறகு அம்மா, "உவர் எப்ப வந்து எடுத்தவர்? நான் காணேல்லையே" என்று கேட்டார். செத்த வீட்டில் படம் எடுக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று நான் யாரையெல்லாமோ ஏசினேன். இவரை ஏசவில்லை.

தங்கச்சி வதனிக்குக் கனடா மாப்பிள்ளை. நல்ல பெடியன். குறுகிய லீவில் வந்து, கட்டிவிட்டுத் திரும்பிப் போய் அவளை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ண வேண்டும். வீசா அலுவல் தெரிந்தவர் என்று ஊரில் சொல்லப்படுகிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். அந்த மனிதர் எனக்குள் நெருப்பைப் போட்டு அனுப்பினார்.

"படங்கள் வடிவாய் இருக்கோணும். முக்கியமாய்த் தாலி கட்டுற படம். ரெண்டு பேற்றை முகமும் ஒரே படத்திலை விழோணும். அயலிலை ஒரு பிள்ளைக்கு எல்லாம் சரி, தாலி கட்டுற படத்திலை மாப்பிள்ளையின்ரை முதுகுதான் விழுந்தது. இன்னும் இஞ்சைதான் நிக்கிறா. முதுகுக்கு வீசா குடுப்பினமோ?"

அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு அந்த முதுகுதான் கண்ணில் நின்றது. அப்பா இல்லாத பிள்ளை. அவளை அனுப்பி வைக்கிற பொறுப்பு என்னுடையது. ஒரு படம் பிழைத்தால் அவள் கழுத்தில் தாலியோடு வருடக்கணக்கில் எங்கள் வீட்டு ஜன்னலில் நிற்க வேண்டி வரும். ரெண்டு கமராவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, மிச்சப் படம் எல்லாம் எரிஞ்சு போனாலும் பரவாயில்லை. தாலி கட்டேக்கை ரெண்டு முகமும் வேணும். விளங்கிச்சோ?"

"பிள்ளை, நீர் பயப்பிடாதையும். பெரிசு கிடக்கு."

"எனக்குப் பயமில்லை. படம் விழாட்டில் நீங்கள் பயப்பிட வேண்டி வரும்."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் மண்டபத்துக்குப் போய் மணவறை வைக்கிற இடத்தை அளந்துகொண்டு நின்றாராம். மண்டபக்காரர் எனக்குப் போன் எடுத்து, "அக்கா, ஒராள் வெறும் மேடையைப் படம் எடுத்துக்கொண்டு நிக்கிறார். உங்கடை ஆளோ?" என்று கேட்டார்.

கல்யாண நாள் காலை. மணவறைக்குப் பின்னால் பூக்கூடை எடுக்கப் போனேன். கதிரைக்குக் கீழே துவாயால் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்த்துப் பார்த்தேன். சின்னக் கமரா. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வழக்கமாக நல்ல காரியங்களுக்கு வரும்போது அதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு மூலையில் வைத்துக் கேட்டேன்.

"உங்களுக்கு விசரோ? உதை ஏன் உள்ளை கொண்டுவந்தனீங்கள்?"

"வெயில் பிள்ளை. சின்னன் பிளாஸ்ரிக். பெட்டிக்குள்ளை விட்டால் உருகிப்போம். பின்னேரம் எனக்குக் குருநகரிலை ஒரு மற்றது கிடக்கு."

"மாப்பிள்ளையின்ரை மாமி கண்டால் தாலியையே நிப்பாட்டிப்போடுவா! கோதாரி விழுந்த வேலை!"

"அதுதானே துவாயாலை சுத்தினனான்."

"சுத்திப்போட்டு மணவறைக்குப் பின்னாலையோ வைக்கிறது? வேறை இடம் கிடைக்கேல்லையோ?"

நானே அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமான் அறையில், தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் ஒளித்தேன். அப்பாவின் உடலைப் படம் எடுத்த கமரா. கையைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைத்தேன். அதை இங்கே சொல்கிறேன், அன்று யாரிடமும் சொல்லவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் தாலியை எல்லாரும் தொட்டுக் கும்பிடக் கொடுத்தனுப்பினார். இவர் மணவறைக்கு முன்னால் சரியான இடத்தில், பெரியதைக் கண்ணில் வைத்துக்கொண்டு, காலை அகட்டி நின்றார். நான் மூச்சு விட்டேன். அப்போது மேளகாரர் பக்கம் ஐயர் கையைக் காட்டினார். கெட்டிமேளம் தொடங்கியது.

அந்தக் கணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் எழும்பினார்கள். அவர்கள் எல்லாரும் தென்னை உயரம். எல்லாருடைய கையிலும் போன். கனடாவில் இருக்கிறவர்களுக்கு நேரடியாகக் காட்ட வேண்டுமாம். கண் மூடித் திறப்பதற்குள் மணவறையைச் சுற்றி முதுகால் ஒரு மதில் எழும்பியது. அந்த மதிலுக்குப் பின்னால் எங்கள் கட்டை மனிதர். அவர் துள்ளினார். முதுகுகளுக்கிடையில் நுழையப் பார்த்தார். பெரியதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் 'டக் டக் டக்' என்று அடித்தார். பாரத்தில் கை ஆடியது. பிறகு பார்த்தோம், அந்தப் படங்களில் மின்விசிறிதான் விழுந்திருந்தது. நல்ல தெளிவாக.

எனக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன. வீசா மனிதர் சொன்ன அதே முதுகுகள்.

நான் ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினேன். தேங்காய்ச் சாக்கைத் தள்ளினேன். திரும்பி வந்து அந்தப் பொட்டலத்தை அவருடைய நெஞ்சில் குத்தினேன்.

"இந்தாங்கோ!"

அவர் தொட்டதும் கண்டுகொண்டார். கை பிழைக்கவில்லை. முகம் வெளிறிவிட்டது. "பிள்ளை! உது மற்றது!"

"மற்றதோ மண்ணாங்கட்டியோ, எடுங்கோ!"

"நல்ல காரியம் பிள்ளை!"

"எடுக்காட்டில் உங்களுக்குத்தான் மற்றது நடக்கும்!"

ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறுகையால் துவாயை உரித்தார். திரையைத் திறந்து கீழே மடக்கினார். அந்தக் கட்டைக் கை மேலே போனது. முதுகு மதிலுக்கு மேலே அந்தச் சின்னக் கமரா தனியாக எழும்பி நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். திரையில் மாப்பிள்ளையின் கை வதனியின் கழுத்துக்குப் போகிறது. கமரா யோசிக்கிறது. தெளிவாகிறது, மங்குகிறது, தெளிவாகிறது, மங்குகிறது.

படுத்திருக்கிறவர் எழும்பி ஓட மாட்டார். கட்டுகிறவர் கட்டி முடித்துவிடுவாரே!

அப்போது அவர் போட்டார் ஒரு சத்தம். நாதஸ்வரத்தையும் தவிலையும் தாண்டி, கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்குக் கூப்பிடுகிற குருநகர்ச் சத்தம்.

"தம்பீ! முடிச்சைப் போடாதையும்! கொஞ்சம் பொறும்!"

மாப்பிள்ளை தாலியைப் பிடித்த கை பிடித்தபடி சிலையாகிவிட்டார். ஏதோ பெரிய தடை வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். வதனி தலையை நிமிர்த்தினாள். இரண்டு பேரும் மேலே கமராவைப் பார்த்தார்கள். சின்னக் கமராவின் பல்லி சொன்னது. ஐயர் கோபத்தில், "ஆர் அவன் குறுக்கை நிண்டு கத்துறது? நீர் கட்டும் தம்பி!" என்று அதட்ட, மாப்பிள்ளை அவசரமாகக் கட்டி முடித்தார்.

எல்லாரும் தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றதால் எந்தக் கமரா என்று ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

படம் அருமையான படம். தாலி, கை, இரண்டு முகம், நான்கு கண். இரண்டு பேரும் பேயைக் கண்டவர்கள் போல முழிக்கிறார்கள், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் விடிய, நான் கடை திறக்கப் புறப்படும்போது போன் அடித்தது.

"பிள்ளை, தங்கச்சி சுகமே?"

"சுகம். ஏன்?"

"மாப்பிள்ளை?"

"அவரும் சுகம். ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான். எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை."

அதற்கு அடுத்த நாளும் அடித்தது. அதற்கு அடுத்த நாளும். "மாப்பிள்ளை சாப்பிட்டவரோ?" "தங்கச்சி மோட்டார் சைக்கிளிலை போறவவோ? வேண்டாமெண்டு சொல்லும்." "கிணத்தடி வழுக்கும், கவனம்." நம்பிக்கை இல்லாத மனிதர் கதைக்கிற கதையா இது? ஏசினேன். போனை நிற்பாட்டி வைத்தேன். கடைக்கு நேரே வந்து நின்றார்.

பிறகு மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். நானோ வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் நடந்தேன். கேற்றடியில் ஆள் நிற்பது தெரிந்தது. கையில் தோடம்பழப் பை. உள்ளே வரவில்லை. இரண்டு தோளும் வெறுமையாக இருந்தன. கமரா இல்லாமல் அவரைக் கண்டது அதுதான் முதல் தரம். நடக்கும்போது நேராக நடந்தார். பார்க்க வேறு யாரோ போல இருந்தது.

"பிள்ளை, நான் கோயிலிலை மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்" என்றார் மெல்லமாக.

"நான் விடியவே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காய்ச்சல் மாறியது. மாப்பிள்ளை விமானம் ஏறினார். அவர் போய் இறங்கிய செய்தி வரும் வரை ரெண்டு கமரா எனக்கு எத்தனை தரம் போன் எடுத்தார் என்று நான் எண்ணவில்லை. பிறகு ஸ்பொன்சருக்குப் படங்கள் அனுப்புகிற வேலை. அதற்கும் வந்து நின்றார்.

"பிள்ளை, அந்தப் படத்தை வைக்காதையும். வேறை ஒரு யோசினை சொல்லட்டே? இன்னொருக்காத் தாலி கட்டச் சொல்லி, பெரிசாலை எடுப்பம்."

"மாப்பிள்ளை கனடாவிலை நிக்கிறார். இஞ்சை ஆர் கட்டுறது? நீங்களோ?"

"ஐயோ, என்ன கதை கதைக்கிறீர்!"

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு போங்கோ. அந்தப் படத்தைத் தவிர மிச்சம் எல்லாத்திலையும் மின்விசிறிதான் கிடக்கு. மின்விசிறிக்கே வீசா கேக்கிறது?"

அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். அம்மாவோ அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். "பிள்ளையள் ரெண்டும் என்னமாதிரி மேலை பாக்குதுகள், அப்பாவைக் கண்டதுமாதிரி" என்றார். அது எந்தக் கமராவில் எடுத்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. சாப்பிடும்போது அந்தச் சுவரைப் பார்க்காத பக்கமாகத் திரும்பி இருந்தேன்.

காத்திருந்தோம். மாதங்கள் போயின. பக்கத்து ஊரில் ஒருத்திக்குக் கிடைத்துவிட்டதாம், இன்னொருத்திக்கு இல்லையாம் என்று யாராவது கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். பசளை நிறுத்துக் கொடுக்கிறபோது கை பிழைத்தது. காலையில் போன் வரும். "ஏதும் வந்ததோ?" "இல்லை." "சுகமே?" "சுகம்." வைத்துவிடுவோம். ஒருநாள் போன் பிந்தி வந்தது. அன்று நானே பயந்துபோனேன், ஆளுக்குத்தான் ஏதும் ஆகிவிட்டதோ என்று. எடுத்தவரை வாயில் வந்தபடி ஏசினேன். பாவம், சார்ஜ் இல்லையாம்.

வீசா வந்தது. அந்தப் படத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வதனி அழுதாள், அம்மா அழுதார். நான் முதலில் போன் எடுத்தது அவருக்குத்தான்.

 அந்தப் பக்கம் மூக்குச் சீறுகிற சத்தம்.

"பிள்ளை, இனித்தான் நான் நித்திரை கொள்ளப் போறன்" என்றார்.

வதனி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே குளிர், வேறு ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் காலை போன் வரவில்லை. சனியன் விட்டது என்றுதான் நினைத்தேன். கடைத் திறப்புக் கோர்வையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் அடித்தது.

"தங்கச்சிதான் போய்ச் சேர்ந்திட்டாவே. இனி என்னத்துக்கு எடுக்கிறியள்?" என்றேன்.

"பழகிப்போச்சுது பிள்ளை." பிறகு கேட்டார், "உம்மடை குரல் என்ன அடைச்சுக் கிடக்கு? ராத்திரி நித்திரை இல்லையோ?"

வதனி போன நாளிலிருந்து நித்திரை இல்லைதான். அம்மாவுக்கும் அது தெரியாது.

"நித்திரை கொண்டனான், கொண்டனான்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப சரி" என்றாரே ஒழிய, போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. குருநகரில் அன்று என்ன மீன் பட்டது, கடல் எப்படி, பின்னேரம் அவருக்கு எங்கே வேலை என்று கதைத்துக்கொண்டிருந்தோம். கடையை அன்று பிந்தித்தான் திறந்தேன்.